வெந்தயம் ஏற்றிய ரயில்

அன்றைக்கு மேசைக்குப் பின்னால் நின்றவர்கள் டெனிஸ், அவருடைய மனைவி பிரீடா, என் அத்தான், நான். மேசைக்கு முன்னால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மண்டபத்துக்குப் பொறுப்பான ஃபாதர். ஆக ஐந்து பேர். சனம் வந்து போய்க்கொண்டுதான் இருந்தது, சின்னப்பிள்ளைகள் மேசை விளிம்பில் நாடியை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் டெனிஸ் எழுதி வைத்த கடதாசித் துண்டில் எங்கள் ஐந்து பேரின் பெயர்தான் இருக்கிறது.

அந்தத் துண்டு போன கிழமைதான் என் கைக்கு வந்தது. டெனிஸின் மகள், ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரிலுள்ள எங்கள் வீட்டைத் தேடிக் காரில் வந்து, ஒரு பழைய பிஸ்கற் தகரப் பேணியைத் தந்துவிட்டுப் போனாள். மூடியில் அப்பா உங்கள் பெயரைத்தான் எழுதியிருக்கிறார் என்றாள். இப்படி யாராவது எதையாவது கொண்டுவந்து தந்தால் எனக்கு முதலில் நெஞ்சு இடிக்கும். வரி அலுவலகக் கடிதமாக இருந்தாலும் சரி, கலியாண வீட்டுக் கார்டாக இருந்தாலும் சரி, ஒரே இடிதான். பேணியைக் குசினி மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மனைவிதான் வந்து மூடியைத் திறந்தாள்.

வெந்தய வாசம் அடித்தது.

“உது அந்த றெயில் வெந்தயமெல்லே?” என்றாள்.

இதை வாசிக்கிற உங்களுக்கு, ரயிலுக்கும் வெந்தயத்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் சொல்ல வரும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில், டெனிஸ் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் குடியிருந்தேன். மனைவியும் மகளும் கொழும்பில், ஸ்பொன்சர் கடிதத்துக்காகக் காத்திருந்தார்கள். டெனிஸ் குழாய் பொருத்துகிற வேலை செய்து ஓய்வு பெற்றவர். அயர்லாந்தில் அவருடைய ஊரின் பெயரும் வெக்ஸ்போர்ட்தான். ஊர்ப் பெயரைப் பார்த்துத்தான் இந்த வீட்டை வாங்கினேன் என்று அவர் சொல்வார். விலை மலிவு என்று வாங்கியது என்று பிரீடா மாடியிலிருந்து கத்துவா.

பேஸ்மென்றில் இரண்டு அறைகள். சின்ன அறை எனக்கு. பெரிய அறை முழுவதும் ரயில். உங்கள் மனதில் உள்ள விளையாட்டு ரயில் இல்லை. டெனிஸின் ஊரில் ரயில் பாதை கடற்கரைத் தெருவிலேயே ஓடுமாம். ஒரு பக்கம் கடை, மறுபக்கம் படகு, நடுவில் ரயில் நடைவேகத்தில் ஊர்ந்து போகும். அதை அப்படியே பலகைமேல் கட்டி வைத்திருந்தார். செம்மஞ்சளும் கறுப்புமாகப் பயணப் பெட்டிகள், சாம்பல் நிறத்தில் சரக்கு வண்டிகள், மூன்று தரம் வார்னிஷ் பூசிய கடல். அயர்லாந்து ரயில்களைச் செய்து விற்க அந்தக் காலத்தில் பெரிதாக ஒருவரும் இல்லை. இங்கிலாந்து ரயிலை வாங்கி, வெட்டி, ஒட்டி, நிறம் மாற்றித்தான் அயர்லாந்து ஆக்கவேண்டும். எஞ்சின் ஒன்றுக்குப் பெயின்ற் காயும்வரை நான் வெங்காயம் வதக்கக்கூடாது என்பது வாடகை ஒப்பந்தத்தில் வாய்ச்சொல்லாக இருந்த ஒரு விதி.

இன்னொரு விதி இந்தப் பேணிக்கு உரியது. ரயில் ஓடுகிற நேரத்தில் வண்டியைக் கையால் தொட்டால் பேணிக்குள் இருபத்தைந்து சதம் போடவேண்டும். தடம் புரண்டால் எஞ்சினை நிறுத்தி, ஒரு கம்பிக் கொக்கியால்தான் நிமிர்த்தவேண்டும். “உண்மையான ஊரில வானத்திலயிருந்து ஒரு கை இறங்கிவந்து றெயிலைத் தூக்கி வைக்குமோ?” என்று டெனிஸ் கேட்பார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் என் வாய்த்தமிழில் எழுதுகிறேன். அந்த நாளில் அவர் சொன்னதில் பாதிதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டி முடிந்ததும், யார் யார் நின்றார்கள், யார் தொட்டார்கள், யார் கட்டினார்கள் என்று ஒரு துண்டில் எழுதிப் பேணிக்குள் போடுவார்.

நான் லேத் மெஷினில் வேலை செய்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனாலும் இரும்பைக் கடைந்து எடுக்கிற வேலை எப்படியோ கையில் படிந்துவிட்டது. டெனிஸுக்கு அது தெரிந்த நாளிலிருந்து என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. அவருக்குப் பன்னிரண்டு சரக்கு வண்டிகளுக்கு அச்சு வேண்டும், வண்டிக்கு இரண்டாக இருபத்துநாலு. கடையில் வாங்கும் அச்சு இங்கிலாந்துப் பாதைக்குரியது. அயர்லாந்துப் பாதை அதைவிட அகலம். “உன்ர மெஷினில கடைஞ்சு தருவியோ?” என்று கேட்டார்.

அதோடு இன்னொன்றும் சொன்னார். வசந்த காலத்தில் தேவாலய மண்டபத்தில் கண்காட்சி. ரயில் ஒழுங்காக ஓடினால், மண்டபத்தின் பின்னறையில் அதை நிரந்தரமாக வைக்க விடுவதாக ஃபாதர் சொல்லியிருக்கிறார். “அப்பிடியெண்டா கீழ் வீடு முழுக்க உனக்குத்தான். மனுசியும் பிள்ளையும் வந்து இறங்கலாம்.”

அந்தக் கணத்திலிருந்து எனக்கு நித்திரை இல்லை. சின்ன அறையில் மூன்று பேர் இருக்கமுடியாது. வேறு வீடு எடுக்க என் சம்பளம் காணாது. மகளுக்கு நாலு வயது, நான் அவளை விட்டு வரும்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். அவள் வந்து எங்கே படுப்பாள் என்பது இப்போது ரயில் தடம் புரளாமல் ஓடுவதில் இருந்தது. கவலைப்படுகிறவனுக்கு இதைவிட நல்ல சாப்பாடு வேண்டுமா?

அளவை ஒரு சிகரெட் பெட்டி மட்டையில் டெனிஸ் எழுதித் தந்தார். நான் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துச் சட்டையைத் தோய்த்துவிட்டேன். சலவை மெஷினிலிருந்து எடுத்தபோது மட்டை வெறும் கூழ். திரும்பக் கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான் மூன்று நாள் கேட்கலாமா விடலாமா என்று யோசித்துவிட்டுக் கேட்கவில்லை. ‘ஒரு மட்டையைக்கூட வைத்திருக்கத் தெரியாதவன் கையிலா இருபத்துநாலு அச்சு’ என்று அவர் நினைத்துவிட்டால்?

அளவுகோலை எடுத்துப் பாதையை அளந்தேன். தண்டவாளத்தின் உள்பக்கங்களைப் பிடித்தால் இருபத்தொரு மில்லிமீற்றர். நடுவுக்கு நடு பிடித்தால் இருபத்திரண்டு. எது சரி?

அத்தானுக்கு ரெலிபோன் எடுத்தேன். அக்காவின் புருஷன். காங்கேசன்துறைப் பாதையில் பத்தொன்பது வருடம் தண்டவாள வேலை. சண்டையால் ஊரில் ரயில் நின்றபிறகு ரொறன்ரோ வந்து, ஒரு ரெஸ்ரோரன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

“இங்கிலீஷ்காரன்ர லைனிலும் பாக்க அகலமாமோ?” என்று கேட்டார்.

“ஓம் அத்தான்.”

“அப்ப என்ன யோசினை? அகலப்பாதை எண்டா அஞ்சடி ஆறங்குலம். இந்தியாவிலயும் அதுதான், எங்கட லைனும் அதுதான். எங்களுக்குப் போட்டுத் தந்தவன் தன்ர பக்கத்து ஊருக்கு மட்டும் வேற அளவிலயே போட்டிருப்பான்?”

“அயர்லாந்துக்காரர் வேற ஆக்களாம் அத்தான். டெனிஸை இங்கிலீஷ்காரன் எண்டா கோவம் வரும்.”

“ஆக்கள் வேறயா இருக்கட்டும். பாதை ஒண்டுதான். வை ஃபோனை.”

டெனிஸின் கணக்கில் ஓர் அடிக்கு நாலு மில்லிமீற்றர். ஐந்தடி ஆறங்குலம் என்றால் இருபத்திரண்டு. நடுவுக்கு நடு அளந்ததோடு அச்சொட்டாக ஒத்துப்போனது. இரண்டு பக்கமும் ஒரே விடை வந்தால் அது சரியாகத்தானே இருக்கவேண்டும்? பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்படி ஒரு முறைகூட ஒத்து வந்ததில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் இருபத்துநாலு அச்சையும் கடைந்து முடித்தேன்.

ஒரு சனிக்கிழமை. கண்காட்சிக்கு இரண்டு கிழமை இருக்கும். டெனிஸ் கடைக்குப் போயிருந்தார். அன்றைக்கு ரெஸ்ரோரன்றில் வேலை இல்லாததால் அத்தானும் வந்திருந்தார். முதல் வண்டிக்கு என் அச்சில் சக்கரச் சில்லுகளைப் பூட்டிப் பாதையில் வைத்தேன். சில்லு இரண்டும் தண்டவாளத்துக்கு மேலே ஏறி நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்றது. அழுத்தினேன். ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் ஏறியது. 

அத்தான் குனிந்து பார்த்தார். அளவுகோலை வாங்கி, ஒரு கண்ணை மூடி, உள்பக்கங்களைப் பிடித்து அளந்தார். நிமிர்ந்தார்.

“நினைச்சனான். பாதை பிழை.”

“என்னத்தான் சொல்லுறியள்?”

“ஒரு மில்லிமீற்றர் காணாது. குழாய் பூட்டிற ஆளெல்லே, அவருக்கென்ன லைனைப் பற்றித் தெரியும்? கொண்டா அந்தச் சூடு வைக்கிறதை.”

நான் வேண்டாம் என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இன்றுவரை நிச்சயமில்லை. ஈயம் பற்றவைக்கிற கோல் ஏற்கெனவே சூடாகத்தான் இருந்தது. அத்தான் கடற்கரைத் தெருவின் முனையில் ஒரு தண்டவாளத்தை மூன்று அங்குல நீளத்துக்குக் கிளப்பிவிட்டார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு அமைதியை ரொறன்ரோவில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்போது மேலே கதவு திறந்தது. டெனிஸ் வந்துவிட்டார். பிரீடா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டா. அவசர அவசரமாகத் தண்டவாளத்தைப் பழைய இடத்தில் அமத்தி ஒட்டிவிட்டு ஏறினோம்.

மேலே தேத்தண்ணிக் கோப்பையோடு டெனிஸ் அத்தானிடம் பெருமையாகச் சொன்னார். தங்கள் பாதை ஐந்தடி மூன்றங்குலமாம். உலகத்தில் இரண்டொரு இடத்தைத் தவிர வேறெங்கும் இல்லையாம். இங்கிலாந்துக்காரனின் ரயில் தங்கள் மண்ணில் ஓர் அடிகூட ஓடாதாம். அத்தான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே தமிழில் சொன்னார்.

“ஒண்டும் கதையாதை. தேத்தண்ணியைக் குடி.”

இருபத்தொரு மில்லிமீற்றர். என் அச்சுகள் எல்லாம் இலங்கைக்குரியவை.

அடுத்த கிழமை மத்தியானங்களில் நான் சாப்பிடவில்லை. ஒவ்வொரு அச்சிலும் பக்கத்துக்கு அரை மில்லிமீற்றராகத் திரும்பக் கடைந்தேன். கூட்டிக் கடைந்ததைக் குறைக்கலாம் என்பது எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். குறைத்துக் கடைந்திருந்தால் ஒன்றும் செய்திருக்கமுடியாது. டெனிஸிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மூன்று அங்குலத்தை மட்டும் தினமும் வேலையால் வந்து விரலால் தடவிப் பார்ப்பேன். பார்வைக்கு நேராகத்தான் இருந்தது. வண்டிகளும் அதன்மேல் ஓடத்தான் செய்தன. அவை அப்போது வெறும் வண்டிகள்.

இனி வெந்தயம். டெனிஸின் ஊரில் சீனி எடுக்கிற பீற்றூட் கிழங்கை ரயிலில் ஏற்றுவார்களாம். அந்தப் பன்னிரண்டு வண்டிகளும் அதற்குத்தான். அந்தச் சிறிய அளவில் கிழங்குக்கு எங்கே போவது? அவர் களிமண்ணில் உருட்டிப் பார்த்தார், எல்லாம் ஆட்டுப்புழுக்கை மாதிரி வந்தது. ஒரு நாள் நான் குழம்புக்குத் தாளிக்கும்போது போத்தலைப் பிடுங்கி உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். ஒழுங்கில்லாத வடிவம், மண் பிடித்த மஞ்சள். “இதுதான்! இதுதான் பீற்!” என்று குசினியில் ஓர் ஆட்டம் ஆடினார். தமிழ்க் கடையில் இரண்டு பைக்கற் வாங்கினோம். கண்காட்சிக்கு முதல் நாள்தான் வண்டிகளில் நிரப்பினோம். ஆக, நிரப்பிய பாரத்தோடு அந்த ரயில் ஒரு முறைகூட ஓடிப் பார்க்கப்படவில்லை.

கண்காட்சி நாள் காலையிலிருந்து எல்லாம் நன்றாகவே போனது. நான் மட்டும் அந்த மூன்று அங்குலத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை. டெனிஸ் ஓட்டினார். பிரீடா தேத்தண்ணிக் கோப்பைகளை எங்கள் கடலிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டிருந்தா. வேடிக்கை பார்க்கவென்று வந்த அத்தான் ஆசுப்பத்திரிக்கு வந்த ஆள் மாதிரி நின்றார். மூன்று மணிக்கு ஃபாதர் வந்து நின்றார். பீற்றூட் ரயிலைக் காட்டுங்கள் என்றார்.

ரயில் கடற்கரைத் தெருவுக்குள் வந்தது. எஞ்சின் அந்த மூன்று அங்குலத்தைத் தாண்டியது. முதல் வண்டி தாண்டியது. இரண்டாவது தாண்டியது. மூன்றாவது வண்டி பாரத்தோடு அதில் ஏறியதும், சூடு பிடிக்காமல் ஒட்டிய ஈயம் விட்டது. தண்டவாளம் ஒரு மயிரிழை விலகியது. வண்டி கடல் பக்கம் சரிந்து வெந்தயத்தைக் கொட்டியது. எஞ்சின் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. நான் மகள் எங்கே படுப்பாள் என்று யோசித்தேன். உண்மையாகவே அதைத்தான் யோசித்தேன்.

அப்போது ஒரு கை இறங்கியது. கோப்பை கழுவி வெளிறிப்போன அத்தானின் கை. இரண்டு விரலால் வண்டியைத் தூக்கிப் பாதையில் வைத்தார். வைத்த கையோடு, விலகிய தண்டவாளத்தை வெளிப்பக்கமிருந்து பெருவிரலால் நெருக்கிப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். எஞ்சின் நிற்கவேயில்லை. அந்தப் பெருவிரல் நகத்தை உரசிக்கொண்டு மிச்ச வண்டிகள் ஒவ்வொன்றாகத் தாண்டின. கடைசி வண்டி போனதும் தன்னை அறியாமல், யாருக்கோ போகலாம் என்பதுபோல, மற்றக் கையை உயர்த்தி அசைத்தார். சின்னப்பிள்ளைகள் கை தட்டினார்கள்.

டெனிஸ் பேணியை எடுத்துக் குலுக்கினார். “இருபத்தைஞ்சு சதம்!”

“என்னவாம்?” என்றார் அத்தான் என்னிடம்.

“வண்டியில கை வச்சதுக்கு ஃபைன் அத்தான்.”

“எனக்கோ? பத்தொன்பது வருசம் இதுக்குச் சம்பளம் வாங்கினவன் நான். எனக்கு அவரெல்லே தரவேணும்! சொல்லு அவருக்கு.”

அதை மொழிபெயர்க்கத் தொடங்கித்தான் எனக்கு வாய் திறந்தது. திறந்த வாய் மூடவில்லை. தோய்த்த மட்டை, ரெலிபோன், இருபத்திரண்டு மில்லிமீற்றர், கிளப்பிய மூன்று அங்குலம் எல்லாவற்றையும் என் உடைந்த ஆங்கிலத்தில் ஃபாதருக்கு முன்னாலேயே கொட்டிவிட்டேன். கோபித்தால் இப்போதே கோபிக்கட்டும், வீட்டுக்குப் போகும்வரை என்னால் காத்திருக்கமுடியாது.

டெனிஸ் பேணியைக் கீழே வைத்தார். பிறகு குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். “அப்ப என்ர ஊருக்குள்ள மூண்டங்குலம் சிலோன் இருக்கு.” அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், பிரீடா வந்து முதுகில் தட்டவேண்டியதாகிவிட்டது.

ஃபாதர் சிரிக்கவில்லை. பின்னறைச் சாவியை எடுத்து டெனிஸிடம் கொடுத்தார். பிள்ளைகள் ரயிலைவிடப் பாதையைப் பிடித்த அந்த மனிதரைத்தான் பார்த்தார்கள், அவரும் வரவேண்டும் என்றார்.

ஆவணியில் மனைவியும் மகளும் வந்தார்கள். பெரிய அறையில் மகளின் கட்டிலைப் போட்டேன். மனைவி கார்பெற்றைக் கூட்டிவிட்டுக் கையில் ஒரு பிடியோடு வந்தாள். “இஞ்சருங்கோ, நிலமெல்லாம் ஏன் வெந்தயம்?” முழுக் கதையையும் கேட்டுவிட்டு, “நல்ல காலம், சீரகத்தை எடுக்கேல்லை. அது விலை கூட,” என்றாள். இரண்டு வருடம் வரைக்கும் அந்தக் கார்பெற்றில் வெந்தயம் வந்துகொண்டிருந்தது.

அந்த மூன்று அங்குலத்தைத் திருத்த ஐந்து நிமிட வேலை. அத்தான் கோலைச் சூடாக்கிக்கொண்டு போனார். காசைக் கட்டிவிட்டுத் தொடு என்றார் டெனிஸ். முதலில் திருத்துகிறேன், திருத்தின கூலியில் கழித்துக்கொள் என்றார் அத்தான். இரண்டு பேரும் அசையவில்லை. ஆகவே ஆறு வருடமாக, ஒவ்வொரு ஞாயிறும், பீற்றூட் ரயில் கடற்கரைத் தெருவுக்கு வரும்போது அத்தான் அங்கே நின்று பெருவிரலால் பாதையைப் பிடித்தார். தண்டவாளத்தைத் தொடுவதற்கு ஃபைன் இல்லை, வண்டியைத் தொட்டால்தான். ஓட்டம் முடிந்ததும் டெனிஸ் பேணியைக் குலுக்குவார். அத்தான் வேறு பக்கம் பார்ப்பார். நான் ஒரு நாள் இரகசியமாக ஓர் இருபத்தைந்து சத நாணயத்தைப் போட்டேன். டெனிஸ் அதை எடுத்து என் பைக்குள்ளேயே திருப்பிப் போட்டுவிட்டார்.

இப்போது அந்தப் பின்னறையில் கதிரைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். வெக்ஸ்போர்ட்டில் அந்த வீடு இருந்த காணியில் வாசலில் சிங்கம் வைத்த பெரிய வீடு நிற்கிறது. லேத் பட்டறை, ஆட்கள் தங்கள் பழைய சாமான்களைப் பூட்டி வைக்கிற இடமாகிவிட்டது. ரயிலைப் பகுதி பகுதியாகப் பிரித்து வெவ்வேறு ஆட்கள் கொண்டுபோனார்கள். டெனிஸ் இல்லை. பிரீடா ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறா, யார் போனாலும் தேத்தண்ணி போடச் சொல்லுவா. அயர்லாந்து ரயில் இப்போது பெட்டியில் அடைத்து ரெடிமேடாகவே வருகிறதாம். ஆனால் அதை ஓடவிடுவது இங்கிலாந்துப் பாதை அகலத்திலாம். டெனிஸ் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை இங்கே எழுதமுடியாது.

பேணிக்குள் வெந்தயத்துக்கும் அந்தத் துண்டுக்கும் கீழே, பழைய துணியில் சுற்றி, வாளால் அறுத்தெடுத்த ஒரு துண்டுப் பாதை இருந்தது. மூன்று அங்குலம். ஒரு தண்டவாளம் இன்னும் ஆடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அதை மோர்னிங்சைட்டில் அத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அத்தானுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஊரில் பாதையைத் திரும்பப் போட்டபிறகு ஒருமுறை போய்வந்தவர், காங்கேசன்துறையில் இறங்கி முதல் வேலையாக நாடாவால் அளந்து பார்த்தவர். அஞ்சடி ஆறங்குலம்தான் என்று எனக்கு அங்கிருந்தே ரெலிபோன் எடுத்துச் சொன்னார். இப்போது மடியில் பாதையை வைத்துத் தடவினார். பெருவிரல் தானாகவே அந்த இடத்துக்குப் போய் நெருக்கிப் பிடித்தது.

“சூடு வைக்கிறது இருக்கோ வீட்டில? அஞ்சு நிமிச வேலை.”

“காசைக் கட்டிப்போட்டுத் தொடுங்கோ அத்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். டெனிஸின் துண்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டு, ஐந்து பெயரையும் வாசித்தார். தன் பெயருக்கு எதிரே நின்ற 25 என்ற எண்ணில் விரலை வைத்தார். பிறகு துண்டை மடித்துப் பேணிக்குள் வைத்து, பாதையை அதன்மேல் வைத்து, மூடியைத் தானே அமத்தி மூடினார்.

“கட்டமாட்டன் எண்டு சொல்லு அவருக்கு.”

ஆகவே கணக்கு எழுதியபடியே நிற்கிறது. இருபத்தைந்து சதம்.